திருப்பிக் கொடுத்த 'நீ'

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் கருக்கொண்டது. ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சார், ஒரே சொல்லு, வேற வேற மொழியில வேற வேற அர்த்தம். அந்த மாதிரி ஒண்ணு எழுதுங்க. டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிக்கணும். கனமா வேண்டாம்" என்றார். கனமாக வேண்டாம் என்பதைத் திரும்பவும் சொன்னார். போன தடவை நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர் பத்திரிகையையே நிறுத்திவிட்டாராம்.

சின்னச் சொல்லாக எடுப்போம் என்று 'நீ'யை எடுத்தேன். சீனத்தில் 'நீ' என்றால் நீதான். அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் மொழியிலும் நீதான். சுவீடிஷில் பலரைச் சேர்த்து 'நீங்கள்'. இதற்குள் நம்மில் சிலருக்கு மீசை துடித்திருக்கும். ஆதியில் உலகம் முழுக்கத் தமிழ்தான் பேசியது என்று மேடை போடக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாஸ்க் மொழியில் 'நீ' என்றால் நான். ஆப்பிரிக்காவின் ஹவுசாவிலும் நான். வெல்ஷில் நாம். சுவாஹிலியில் 'ஆகும்' என்பது போல ஒரு சொல். ஜப்பானியத்தில் இரண்டு. பிரெஞ்சில், 'இதுவும் இல்லை அதுவும் இல்லை' என்று கைவிரிக்கும்போது வருவது. நீட்டல் குறுக்கலில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சுவீடிஷ் 'நீ' பிறந்த விதம் இன்னும் வேடிக்கை. பழைய நாளில் அது வெறும் 'ஈ'. முன்னால் நின்ற வினைச்சொல்லின் வாலிலிருந்த 'ன்' நழுவி வந்து இதன் தலையில் ஒட்டிக்கொண்டது. மனித வாயில் சுலபமாக வரும் ஒலிகள் கொஞ்சம். குட்டிச் சொற்கள் எங்காவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதை வைத்து மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று முடிப்பதாக இருந்தேன்.

அன்று என் மனைவியின் அக்கா சாப்பிட வந்திருந்தார். ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே, அடைக்கலம் கேட்டு வருகிறவர்களின் பேச்சைக் கேட்டு அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்வார்கள். நான் பெருமையாகக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருந்தா. இந்த மாதிரி ஒரு சொல்லுதான் அவளையும் கெடுத்துச்சு" என்று ஆரம்பித்து நாலைந்து வாக்கியம் சொன்னார். அப்புறம் தண்ணீர் கேட்டார். அதற்கு மேல் எவ்வளவு துருவியும் வாயைத் திறக்கவில்லை.

கட்டுரை அந்த மேஜையிலேயே செத்துப்போயிற்று. அந்த நாலைந்து வாக்கியத்துக்கு நான் வைத்த கைகால்கள்தான் இனி வருபவை.

2

தொடக்கம், முதல் முயற்சி: *காதில் கருவியை மாட்டிக்கொண்டதும் உலகம் அவளைவிட்டு*

(விட்டுவிட்டேன். முதல் வரியிலேயே உலகம் வந்தால் எழுதுகிறவன் களைத்துப்போயிருக்கிறான் என்று அர்த்தம்.)

இரண்டாவது முயற்சி: *வெளியே மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில்*

(அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?)

மூன்றாவது, பழைய முறைப்படி: அந்த அலுவலகத்தில் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவும் கூப்பிட்டார்கள், அவளும் ஏன் என்று கேட்டதில்லை. நடுவயதுக்காரி. அவள் அறையில் ஒரு மேஜை, கணினி, சுவரெல்லாம் ஒலியை விழுங்கும் பஞ்சுப் பலகை. பதிவு செய்த பேச்சு ஒன்று எண்ணோடு வரும். பெயர் வராது, முகம் வராது. அதைக் கேட்டுவிட்டு, பேசுகிறவர் தான் சொல்லும் ஊர்க்காரர்தானா என்று 'ஆமாம்', 'இருக்கலாம்', 'தெரியவில்லை', 'இல்லை' என்ற நான்கு கட்டங்களில் ஒன்றில் குறிக்க வேண்டும். 'ஆமாம்' என்றால் இங்கே இருக்கலாம். 'இல்லை' என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறித்த பிறகு அந்த எண் என்ன ஆயிற்று என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஊர்ல இருக்கிற எல்லாச் சத்தமும் உனக்குக் கேக்குது, என் குறட்டை மட்டும் எப்படிக் கேக்காம இருக்கு?" என்பார். "அதுக்கு நான் 'தெரியவில்லை' போட்டு வச்சிருக்கேன்" என்பாள் காது. நல்ல குடும்பம். இந்தக் கதையில் அவர்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை இருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருக்கும்.

3

ஒரு விளக்கம். மேலே சொன்ன சீனம், சுவீடிஷ், பாஸ்க் எல்லாம் நிஜம். அகராதியைப் புரட்டிப் பார்க்கலாம். இனி வரும் மொழி என் கையால் கட்டியது. அக்கா மொழியின் பெயரைச் சொல்லவில்லை. ஏதோ ஒரு நிஜ மொழியை வைத்தால் அதைப் பேசுகிறவர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள், நியாயம்தான்.

ஒரு ஆறு. ஒரு பக்கம் மேட்டுக்கரை, மறுபக்கம் பள்ளக்கரை. நடுவில் ஒரு பாலம். இரண்டு கரைக்கும் ஒரே மொழி. சந்தையும் கல்யாணமும் சேர்ந்து சொற்களையெல்லாம் கலந்துவிட்டன. ஒன்றே ஒன்றுதான் கலக்காமல் நின்றது. எதிரில் இருப்பவரைக் கூப்பிட, பள்ளக்கரைக்காரர்களின் சொல் 'நீ'. (தமிழிலும் அதுதானே என்றால், ஆமாம், அதுதான். பனம்பழம்.) மேட்டுக்கரைக்காரர்களின் சொல் வேறு. அதற்கு 'தூ' என்று வைத்துப் பார்த்தேன், துப்புவதுபோல் இருந்தது. 'சே' என்று வைத்தேன், சலித்துக்கொள்வதுபோல் இருந்தது. கடைசியில் 'லோ' என்று வைத்தேன். நமக்கு அதில் ஒரு அர்த்தமும் இல்லாததால் அதுவே இருக்கட்டும்.

மேட்டுக்கரையில் சண்டை வந்தது. ஊர்கள் எரிந்தன. பள்ளக்கரையில் சண்டை இல்லை; ஆனால் மேட்டுக்கரை ஆள் என்று தெரிந்தால் அங்கேயும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பாலத்தில் ஏற்றி விட்டுவிடுவார்கள். பாலத்தின் அந்தக் கோடியில் துப்பாக்கிகள் நிற்கின்றன. ஆகவே மேட்டுக்கரைக்காரர்களுக்கு இங்கே, காது வேலை பார்க்கும் நாட்டில், அடைக்கலம் உண்டு, பள்ளக்கரைக்காரர்களுக்கு இல்லை. பள்ளக்கரையில் பிழைப்பு இல்லாமல் வருகிறவர்களும் 'நான் மேட்டுக்கரை' என்று சொல்லிப் பார்ப்பார்கள். அதைப் பிரிக்கத்தான் காது.

காதின் அம்மா பள்ளக்கரை, அப்பா தமிழர். அம்மா தன் மொழியில் 'நீ' என்று கூப்பிட்டார், அப்பா தமிழில் 'நீ' என்று கூப்பிட்டார். சின்ன வயதில் அவள் இது எல்லா மனிதருக்கும் பொதுவான சொல் என்று நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேறு பாஷைப் பிள்ளை ஒன்றை 'நீ' என்று கூப்பிட்டு, அது திரும்பிப் பார்க்காததற்காக அழுதிருக்கிறாள்.

4

அந்தப் பதிவில் இருந்தது ஒரு பெண்குரல். சளி பிடித்த, அவசரப்படாத குரல். மேட்டுக்கரையில் ஒரு ஊரைச் சொன்னாள். வீடு எரிந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் சொன்னாள். அவளோடு கிளம்பியவர்கள் யாரும் வந்து சேரவில்லை. பேச்சு நெடுக, எதிரில் இருந்த மொழிபெயர்ப்பாளரை 'நீ' என்றாள். ஒரு இடத்தில்கூட 'லோ' இல்லை.

காது மறுபடியும் கேட்டாள். குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மா பக்கத்துச் சொந்தக்காரி யாரோ அடுத்த அறையில் பேசுவது மாதிரி இருந்தது. அதுவே அவளுக்கு உறுத்தியது. பிடித்த குரலுக்குச் சலுகை காட்டக்கூடாது என்று இன்னொரு தடவையும் கேட்டுவிட்டு, 'இல்லை' கட்டத்தில் குறித்தாள்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும், அதை விட்டால் கதை நொண்டும். அவளுக்கு வரும் பதிவுகளில் கேள்விகள் இருக்காது. மொழிபெயர்ப்பாளரின் குரலை வெட்டி எடுத்துவிட்டு, பதில்களை மட்டும் கோத்து அனுப்புவார்கள். இதற்கென்று ஒரு ஒலிப்பதிவாளர் உண்டு, வெட்டுக்காரர் என்று பெயர். இந்த முறையைக் கேட்டு வாங்கியவளே காதுதான். கேள்வி கேட்கிறவர் அதட்டினாரா, இரக்கப்பட்டாரா என்பதெல்லாம் காதில் விழுந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். சொல்லை மட்டும் கேட்பதுதான் நியாயம் என்றாள். மேலிடமும் பாராட்டி ஒப்புக்கொண்டது. நேரமும் மிச்சம்.

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நல்ல எண்ணத்தில் செய்கிற தப்பு கண்ணுக்குத் தெரிய நாளாகும்.

5

கண் வைத்தியத்துக்காகச் சித்தி வந்து தங்கியிருந்தார். காதின் அம்மாவுக்குத் தங்கை, பள்ளக்கரைக்காரி. மேட்டுக்கரைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வெகுநாள் முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டவர். சித்தப்பா இறந்துவிட்டார். சித்திக்குக் கண்தான் மங்கல், வாய் பளிச்சென்று இருக்கும். சனிக்கிழமை காலை, சமையல்கட்டு மேஜையில் சித்தியும் காதும் வீட்டுக்காரரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மாப்பிள்ளைகளைப் பற்றி வந்தது.

"உன் வீட்டுக்காரராவது பேசுறாரு," என்றார் சித்தி. "உங்க சித்தப்பா கண்ணாடி மாதிரி. நாம என்ன காட்டுறோமோ அதைத்தான் காட்டுவாரு."

"அவரும் 'நீ'ன்னுதானே சித்தி பேசுவாரு? நம்ம பக்கத்துப் பேச்சுக்கு மாறிட்டாருன்னு அம்மா சொல்லும்."

"மாறவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவங்க ஊர்ல அது ஒரு மரியாதை. நீ அவங்களை எந்தச் சொல்லால கூப்பிடுறியோ, அதே சொல்லால உன்னைக் கூப்பிடணும். வேற சொல்லை எடுத்தா, நீ எனக்கு வேண்டாதவன்னு சொன்ன மாதிரி. நான் 'நீ'ன்னேன், அவரும் 'நீ'ன்னாரு. எங்க அம்மா 'நீ'ன்னாங்க, அவங்களையும் அப்படியே."

காதின் கத்தி நின்றது. "அப்ப அவங்க சொல்லை எப்பதான் சொல்லுவாங்க?"

"அவங்க முதல்ல வாயைத் திறந்தாத்தான். அந்நியங்ககிட்ட முதல்ல திறக்க மாட்டாங்க, அது அகங்காரமாம். வீட்டு ஆளுங்க, சொந்தப் பிள்ளைங்க, அவங்ககிட்டதான். எங்களுக்குப் பிள்ளை ஏது?" சித்தி வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "கடைசியில காய்ச்சல்ல கெடந்தப்போ என்னைப் பார்த்து 'லோ'ன்னாரு. யாரைக் கூப்பிடுறாருன்னு நான் திரும்பிப் பார்த்தேன்."

காது எழுந்துபோய்க் கை கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெங்காயத்துக்கு இவ்வளவு கழுவ வேண்டாமே என்று வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார்.

(சித்தி பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சரியான நேரத்தில் சரியான தகவலோடு வந்து உட்காரும் சொந்தக்காரர்கள் கதையில்தான் உண்டு. ஆனால் அக்கா சொன்ன நாலைந்து வாக்கியத்தில், அந்த மனிதர் கடைசியில் தன் சொல்லால் கூப்பிட்டதும் மனைவி திரும்பிப் பார்த்ததும் இருந்தன. அது நான் வைத்தது இல்லை. அதனால் சித்தி இருக்கட்டும்.)

6

திங்கட்கிழமை காது வெட்டுக்காரரிடம் போய் அந்த எண்ணின் முழுப் பதிவைக் கேட்டாள்.

"கேள்வியோடவா? நீங்கதானே மேடம் வெட்டச் சொன்னது?"

"நான்தான். குடுங்க."

கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் பள்ளக்கரைக்காரர், அன்பான மனுஷர். "பயப்படாம சொல்லு, நீ எந்த ஊரு?" என்றார். ஒரு சின்ன நிறுத்தம். அப்புறம் அந்தப் பெண், "நீ கேக்குறதுக்கு நான் சொல்றேன்" என்றாள். முதல் நாலைந்து 'நீ'க்கும் முன்னால் அந்த நிறுத்தம் இருந்தது, வாசற்படியில் செருப்பைக் கழற்ற நிற்கும் அளவுக்கு. அதன் பிறகு இல்லை, பழகிவிட்டது. வெட்டிய பதிவில் கேள்வியோடு சேர்ந்து அந்த நிறுத்தமும் போயிருந்தது.

பிரிவுத் தலைவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை உடனே பொய்யாகிவிட்டது. அவர் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஒரு துண்டை அவளுக்கும் நீட்டினார்.

"சித்தி சொன்னதை ஆதாரம்னு எழுத முடியாதும்மா."

"அந்த இடைவெளி இருக்கு சார்."

"மூச்சு வாங்கியிருப்பா. அழுகையை அடக்கியிருப்பா. மூச்சை வச்சு ரிப்போர்ட் எழுத முடியுமா?"

"'இல்லை'ன்னு எழுதினதும் ஒரே ஒரு சொல்லை வச்சுத்தானே சார்."

அவர் கொஞ்ச நேரம் மென்றார். "ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கிறது உங்க உரிமை. ஆனா காரணம் எழுதணும். என்ன எழுதுவீங்க? கேள்வியை வெட்டினதால தப்பு நடந்துச்சுன்னு எழுதுவீங்க. சரி, அப்புறம் வெட்டின பதிவு எல்லாத்தையும் திறந்தாகணும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. நீங்க 'ஆமாம்' போட்டவங்களும் அதுல இருக்காங்க. 'லோ'ன்னாங்க, ஆமாம் போட்டீங்க. அந்த 'லோ'வை அவங்களுக்கு யார் முதல்ல குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவளாவது இன்னும் அகதிகள் விடுதியில உத்தரவுக்குக் காத்திருக்கா, அவங்க யாரும் இப்ப அங்க இல்ல. வாடகைக்கு வீடு பிடிச்சு, வேலைக்குப் போயி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. ஒருத்திக்காக அத்தனை பேரையும் கூண்டுல ஏத்தணுமா? நான் வேண்டாம்னு சொல்லல. நீங்களே யோசிச்சுட்டு வாங்க."

அவள் கையிலிருந்த ஆப்பிள் துண்டு பழுப்பேறியிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

7

இப்போது வரும் காட்சியை அக்கா சொல்லவில்லை, நான் சேர்த்தேன். சேர்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு திரும்பும் வழியில் காது சித்திக்குக் கண் மருந்து வாங்க மருந்துக்கடையில் நின்றாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அந்த ஆற்றங்கரை மொழியில் போனில் பேசினாள். முகம் தெரியாத முகம். குரல் தெரிந்த குரல். சென்ற வருடம் காது 'ஆமாம்' போட்ட குரல். பதிவு முழுக்க 'லோ' என்ற குரல். இப்போது மகனிடம், தானே முதலில், "நீ சாப்பிட்டியா? நீ அடுப்புகிட்டப் போகாதே, நான் வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பள்ளக்கரைக்காரி. மேட்டுக்கரை என்றால் சொந்தப் பிள்ளையிடம் 'லோ' வந்திருக்கும். பொய் சொல்லி உள்ளே வந்தவள். காது மருந்தை வாங்கினாள். அந்தப் பெண் பையை நீட்டி, "தூக்கிட்டுப் போறப்போ பார்த்து, பாட்டில் கண்ணாடி" என்றாள்.

இதை அடித்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். இவ்வளவு தற்செயல் தாங்காது என்று நல்ல விமர்சகர் யாராவது சொல்வார். ஆனால் அடித்தால் காது முடிவெடுப்பது சுலபமாகிவிடுகிறது. விடுதியில் இருக்கும் ஒருத்தியின் உயிர் ஒரு பக்கம், மறுபக்கம் வெறும் அலுவலகத் தொல்லை. அடுப்புப் பக்கம் போகக்கூடாத ஒரு பிள்ளை மறுபக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் அடிக்கவில்லை.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும், எனக்கும் வந்தது. விடுதியில் இருப்பவள் மேட்டுக்கரைக்காரிதானா? அந்த நிறுத்தம் நிஜமாகவே மூச்சாக இருந்தால்? எழுதுகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அவள் வாயில் 'லோ'வை வைக்க எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அவள் யாரிடம் சொல்வாள்? வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பாள், பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். அவர்கள் இல்லை. விடுதியில் அவள் மொழிக்காரர் யாரும் இல்லை. அவளுடைய சொல்லைச் சொல்ல அவளுக்கு ஆள் மிச்சமில்லை. இதை எழுதிவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்று மேற்கொண்டு எழுத மனம் வரவில்லை.

(இதற்கிடையில் ஞாயிறு இணைப்பு ஆசிரியர் கூப்பிட்டார். "சார், அந்த லேசான கட்டுரை?" என்றார். பாஸ்க் மொழியில் நின்றுகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.)

8

முடிவுகள்.

முதல் முடிவு: காது ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறாள். காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறாள். பதிவுகள் எல்லாம் திறக்கப்படுகின்றன. அலமாரி அலமாரியாகப் புதிய ஆட்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு நாள் வேறு யாரோ அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டு— (இதை முடிக்க முடியவில்லை. நேர்மைக்காரர்கள் யாராவது முடித்துக்கொள்ளட்டும்.)

இரண்டாவது முடிவு: காது பேசாமல் இருக்கிறாள். விடுதி வாசலில் வண்டி வருகிறது. அந்தப் பெண் ஏறுகிறாள். பள்ளக்கரையில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே யாரோ அவளை "நீ யாரு?" என்கிறார்கள். அவள் பாலத்தின்

(வேண்டாம்.)

மூன்றாவது முடிவு வீட்டுக்காரர் சொன்னது. மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஏன், இன்னொரு தடவை பதிவு பண்ணச் சொல்லேன். சும்மா சரிபார்க்கிறதுக்குன்னு சொல்லு. காரணம் எழுத வேண்டாமே" என்றார்.

"மொழிபெயர்ப்பாளர் 'நீ'ன்னா அவளும் 'நீ'ம்பா. 'லோ'ன்னா அவளும் 'லோ'ம்பா. பொய் சொல்றவளும் அதையேதான் சொல்லுவா. என்னங்க ஆகப்போகுது?"

"யாரும் ஒண்ணும் சொல்லாம உக்காந்தா? அவளா முதல்ல பேசட்டும்."

லிஃப்ட் கதவு தானாகத் திறக்கும் என்று நம்பிக் காத்திருக்கிற தொழில் அவருடையது. காது தலைவரிடம் போனாள். 'தரச் சரிபார்ப்பு' என்ற பெயரில் ஒரே ஒரு மறுபதிவுக்கு அவர் ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு. பதிவுல ஒண்ணும் இல்லைன்னா பழைய ரிப்போர்ட்தான் நிக்கும். அன்னைக்குச் சாயங்காலம் விடுதிக்கு உத்தரவு போயிடும்" என்றார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், நானே உட்காருகிறேன் என்றாள் காது. விதிப்படி அவள் யாருடைய முகத்தையும் பார்க்கக்கூடாது. தலைவர் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு, சரி என்றார்.

9

சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நடுவில் ஒலிவாங்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெட்டுக்காரர். காது உள்ளே போகும்போது அவர் வழக்கம்போல், "மேடம், இதுலயும் உங்க குரலை வெட்டிட்டு அவங்க குரலை மட்டும் தானே அனுப்பணும்?" என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. காது பதில் சொல்லாமல் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணை உள்ளே விட்டார்கள். குரலை வைத்து நினைத்திருந்ததைவிடச் சின்னவள். கம்பளிச் சட்டை அவளுடையது இல்லை, கை நீளத்தை மடித்துவிட்டிருந்தாள். உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காதைப் பார்த்தாள். காது பேசவில்லை. அவளும் பேசவில்லை. பெரியவர்கள் கூப்பிட்டால் பேசலாம் என்று காத்திருக்கும் முகம். அந்த முகம் மேட்டுக்கரையின் மரியாதையாகவும் இருக்கலாம். அதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எந்த ஊர்ப் பயமாகவும் இருக்கலாம். பெரிய காதுதான், ஆனால் மௌனத்தில் ஊர் கேட்கவில்லை.

வெட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டி, நேரம் ஆகிறது என்று சைகை செய்தார்.

அப்போதுதான் காதுக்குப் புரிந்தது. (அவளுக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, சொல்லத்தான் பயந்தேன்.) தான் முதலில் 'லோ' என்று கூப்பிட்டால் போதும். அந்தப் பெண் 'லோ' என்று திருப்பிக் கொடுப்பாள். வெட்டுக்காரர் காதின் குரலை வெட்டிவிடுவார். பதிவில் அவளுடைய 'லோ' மட்டும் நிற்கும். எந்த அலமாரியையும் திறக்க வேண்டாம், மருந்துக்கடைக்கு யாரும் போக மாட்டார்கள், இவளும் பிழைத்துக்கொள்வாள். வாழ்நாளெல்லாம் சொல்லை நேர்மையாகக் கேட்டவள், கடைசியில் ஒரு சொல்லைத் தானே தயாரித்து வைத்திருப்பாள். அடுத்த பதிவில் எதைக் கேட்டாலும் இதுவும் தயாரித்ததோ என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். இந்தப் பெண் பள்ளக்கரைக்காரியாக இருந்து, மருந்துக்கடைப் பெண்ணைப் போலப் பொய் சொல்கிறாள் என்றால், அதுவும் கடைசி வரை தெரியாமலே போகும்.

எல்லாம் போகட்டும். ஒருவேளை நிஜமாகவே மேட்டுக்கரைக்காரியாக இருந்தால், அவள் ஆட்கள் எல்லாம் போன பிறகு அவளை அந்தச் சொல்லால் கூப்பிடும் முதல் ஆள் ஒரு ஏமாற்றுக்காரியாக இருப்பாள். அதைக் கேட்டதும் அந்த முகம் என்ன ஆகும் என்று காதுக்குத் தெரியவில்லை. சித்தி திரும்பிப் பார்த்ததைப் போல இவளும் பின்னால் திரும்பிப் பார்ப்பாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

காது ஒலிவாங்கியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அக்காவின் நாலைந்து வாக்கியமும் இங்கேதான் நின்றது, "அப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டதற்குத்தான் அவர் தண்ணீர் கேட்டார். என்னிடம் மூன்று வரைவுகள் இருந்தன, மூன்றையும் கிழித்துவிட்டேன். எந்த வரைவிலும் நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, காதை உட்கார வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றேன்.

நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உள்ளே போய் உட்காருங்கள். ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கூப்பிடும் சொல்லைத்தான் அவள் திருப்பிச் சொல்வாள். கூப்பிடாவிட்டால் சாயங்காலம் வண்டி வந்துவிடும். அவள் இன்னும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.